லாராஸ் மழைக்குக் காத்திருந்த நாள்

“இன்னைக்கு மழை வந்தே ஆகணுங்க” என்றாள் லாராஸ். கலைக்கூடத்து முற்றத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்குக் கழுத்து வரை களிமண் பூசியாகிவிட்டது.

பூசிக்கொண்டிருந்த அவள் கணவன் ரத்மோகோவின் கையிலிருந்த களிமண் உருண்டை நழுவிக் கீழே விழுந்தது.

“மழையா? எதுக்கு?”

“எதுக்கா? நான் இந்த நாற்காலியில அசையாம உக்காந்திருப்பேன். மழை வந்து மண்ணைக் கரைக்கும். கரைஞ்சதும் எந்திரிச்சு வருவேன். அவ்வளவுதான் நிகழ்ச்சி.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா அதுல உயிர் போயிடும். உங்களுக்குத் தெரியாதா? கன்னத்துல இன்னும் கொஞ்சம் பூசுங்க.”

அது அவனுக்குத் தெரிந்ததுதான். லாராஸ் எந்த நிகழ்ச்சியைப் பற்றியும் அன்று காலை வரை யாரிடமும் மூச்சு விடமாட்டாள். போன வருஷம் ஒரு ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் பெயரையெல்லாம் பாட்டாகப் பாடினாள். அதற்கு முந்தைய வருஷம் சந்தை நடுவில் பின்பக்கமாகவே நடந்தாள். ரத்மோகோ பெட்டியைத் தூக்கினான், சந்தையில் வழிவிடச் சொன்னான். புரியாமலே பெருமைப்பட அவன் நன்றாகப் பழகியிருந்தான்.

இந்தத் தடவை சிக்கலே வேறு. யோக்யகர்த்தாவில் திறந்தவெளியில் எது நடந்தாலும், கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, பந்தல்காரரிடம் சொன்ன கையோடு மழை நிறுத்துபவரிடமும் சொல்லிவைப்பார்கள். ரத்மோகோவும் வியாழக்கிழமையே மழை நிறுத்தும் பாக் கிர்னோவிடம் (அங்கே ஐயா என்பதற்குப் ‘பாக்’, அம்மா என்பதற்கு ‘இபு’) சொல்லிவிட்டு வந்திருந்தான். நாற்காலி வாடகைக்கு எடுப்பது போல அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான். மனைவியிடம் கேட்கவேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

மழைக்கால உச்சம். தினமும் மதியம் தவறாமல் கொட்டிய மழை அது. அன்றைக்குப் பார்த்தால் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளிச்சென்றிருந்தது.

“ஜகார்த்தாவிலேர்ந்து இபு ஹப்சாரி வர்றாங்க” என்றாள் லாராஸ். “அடுத்த வருஷப் பெரிய கலைவிழாவுக்கு யாரைக் கூப்பிடறதுன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. இதுவும் சரியா வரலேன்னா இந்தப் பொழப்பே வேண்டாங்க. அண்ணன் மருந்துக் கடையில போய் உக்காந்துடறேன்.”

விளையாட்டாகச் சொல்லவில்லை. மருந்துக் கடையில் லாராஸை நினைத்துப் பார்த்ததும் ரத்மோகோவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

“ஒரு அஞ்சு நிமிஷம்… இதோ வந்துடறேன்” என்று ஸ்கூட்டரை உதைத்தான்.

பாக் கிர்னோவின் போன் அணைந்திருந்தது. வீட்டு வாசலில் அவர் மனைவி இபு ஜுமியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அவர் பேசமாட்டாரு தம்பி. விரதம். பச்சைத் தண்ணி பல்லுல படாது. குளிச்சா மழை வந்துடும், அதான் குளிச்சு ரெண்டு நாளாச்சு. உள்ள போகாதீங்க, வாடை தாங்காது.”

“அவரைக் குளிக்கச் சொல்லுங்கம்மா! எனக்கு மழை வேணும்.”

“வியாழக்கிழமை வேண்டாம்னீங்க?”

“இப்ப வேணும். பெரிய தப்பு நடந்துபோச்சு.”

இபு ஜுமியா உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டார். “உங்க ஒருத்தருக்குன்னா இப்பவே குடத்தைத் தூக்கி அவர் தலையில ஊத்திருவேன். ஆனா உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் சொல்லியாச்சு. வாக்குக் கொடுத்தாச்சு.”

“யாரு? எங்க பின்தெரு சுன்னத்து விருந்து வீடா?”

“யாருன்னு வேலை முடியறவரைக்கும் சொல்றதில்ல. தொழில் தர்மம்.”

ரத்மோகோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலியோரம் ஈர்க்குத் துடைப்பம் ஒன்று தலைகீழாக நட்டிருந்தது. நுனிகளில் சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தியிருந்தன. மழையைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். இபு ஜுமியா உள்ளே திரும்பிய சமயம் பார்த்து அதைப் பிடுங்கினான். மிளகாய்களை உருவிக் கசக்கி எறிந்துவிட்டு ஸ்கூட்டரில் பாய்ந்தான்.

தெருமுனை திரும்பும்போது பின்னால் இபு ஜுமியாவின் குரல் கேட்டது.

“ஏங்க, துடைப்பத்தை எவனோ பிடுங்கிட்டான்! இந்தத் தடவை ரெண்டா நடுங்க!”

அவன் கலைக்கூடத்து முற்றத்துக்குத் திரும்பியபோது கூட்டம் கூடியிருந்தது. ஓவியர்கள், மாணவர்கள், வேலையில்லாதவர்கள், வேலை இருந்தும் வந்தவர்கள். நடுவில் லாராஸ், உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை மண்ணாக. கண் மட்டும் தெரிந்தது. எதிரே முதல் வரிசையில் வெள்ளைப் பட்டுச் சட்டையில் இபு ஹப்சாரி.

வடக்கே மேகம் திரண்டு வந்தது. ரத்மோகோ மூச்சைப் பிடித்துக்கொண்டான். மேகம் கலைக்கூடம் வரை வந்தது, இரண்டாகப் பிரிந்தது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒதுங்கிப் போய்விட்டது. முன்னைவிடப் பலமாக வெயில் அடித்தது.

“கிர்னோ கில்லாடிய்யா” என்று முனகிக்கொண்டே ரத்மோகோ முகத்து வியர்வையைத் துடைத்தான். மிளகாய் கசக்கிய கை என்பது கண்ணில் பட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. எரிச்சலில் கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது, மூக்கும் கூடவே ஒழுகியது.

“யார் அது அழுவது?” என்று இபு ஹப்சாரி பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

“அவங்க வீட்டுக்காரருங்க.”

“என்ன அன்பு!” என்று அவர் நெஞ்சில் கை வைத்தார்.

மண் காய்ந்துகொண்டிருந்தது. கறுப்பு சாம்பலானது, சாம்பல் வெளுத்தது. உள்ளே இருப்பவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கவே ரத்மோகோவுக்குப் பொறுக்கவில்லை. எல்லாம் தன்னால்தான். மழை வராவிட்டால் என்ன, நாமே கொடுத்துவிடுவோம் என்று மோட்டாரையும் ரப்பர் குழாயையும் தூக்கிக்கொண்டு கூரை மேலிருந்த தண்ணீர்த் தொட்டியருகே ஏறினான்.

மேலே நின்று குழாயை ஆட்டிக் காட்டினான். மண்ணுக்குள்ளிருந்து லாராஸின் கண்கள் அகல விரிந்தன. இடதும் வலதும் உருண்டன. மறுபடி விரிந்தன.

“சீக்கிரம் சீக்கிரம்கிறா, பாவம்” என்று அவன் அவசரப்பட்டான்.

கைக்கு எட்டிய ஒரே ஒயர் பின்தெருச் சுன்னத்து வீட்டுக்குப் போகிற ஒயர். அங்கே காலையிலிருந்து ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அதிலேயே மோட்டாரைச் சொருகினான். குழாய் இரண்டு முறை இருமியது. பிறகு துரு கலந்த சிவப்புத் தண்ணீர் ஒரு வாய் மட்டும் பீய்ச்சியடித்து, லாராஸைத் தாண்டிப் போய், இபு ஹப்சாரியின் வெள்ளைப் பட்டில் இறங்கியது.

அடுத்த நொடி ‘டப்’ என்று ஒரு சத்தம். மோட்டார் புகைந்தது. தெரு முழுக்க மின்சாரம் போனது. சுன்னத்து வீட்டுப் பாட்டு பாதியில் செத்தது.

“எவன்டா அவன் கரண்டுல கை வச்சது?” என்று விருந்து வீட்டுக்காரர் பத்துப் பதினைந்து உறவினரோடு முற்றத்துக்குள் பாய்ந்தார். கூரை மேல் குழாயும் கையுமாக நின்ற ரத்மோகோவைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

ஏனென்றால் பாட்டு நின்ற அமைதியில் அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ‘பட்’. லாராஸின் தோளில் மண் வெடித்திருந்தது. இன்னொரு ‘பட்’. கழுத்திலிருந்து மார்புக்கு ஒரு கீறல் ஓடியது. காயத் தொடங்கியதிலிருந்தே வெடித்துக்கொண்டுதான் இருந்திருக்கவேண்டும். பாட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது?

சண்டைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

மண் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. முதலில் ஒரு விரல் தெரிந்தது, அப்புறம் முழங்கை, பாதிக் கன்னம். மழையே இல்லாமல், வெயிலிலேயே லாராஸ் வெளியே வந்தாள். எழுந்து நின்றாள். மடியிலிருந்த கடைசிப் பாளம் விழுந்து நொறுங்கியபோது கைதட்டவும் யாருக்கும் தோன்றவில்லை.

சிவப்புக் கறையோடு இபு ஹப்சாரி எழுந்தார். ரத்மோகோ கூரை ஓட்டை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“நான் வறண்ட ஊர்க்காரி” என்றார் அவர். “நாங்க காத்திருந்தோம், வரலை, அப்படியே வெடிச்சு வெடிச்சு வளர்ந்தோம். இதை வேற யாரும் எனக்கு இப்படிக் காட்டினதில்லம்மா. விழாவுல முதல் நிகழ்ச்சி உன்னுதுதான். இந்தச் சட்டையையும் சேர்த்து வச்சுக்குவோம்.”

அப்புறம்தான் கைதட்டல். விருந்து வீட்டுக்காரர்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார். விருந்துச் சாப்பாட்டையும் அண்டாவோடு முற்றத்துக்கே கொண்டுவரச் சொன்னார்.

ரத்மோகோ கூரையிலிருந்து இறங்கி வந்தான். லாராஸ் மண்ணும் கண்ணீருமாக அவன் கையைப் பிடித்தாள்.

“வானம் என்னைக் கைவிட்டுடுச்சுன்னு நினைச்சேங்க. அதுக்கு வேற கணக்கு இருந்திருக்கு.”

“ஆமா ஆமா, வானத்தோட கணக்கு நமக்கெங்க தெரியும்!” என்று ரத்மோகோ அவசரமாக ஒத்துக்கொண்டான். மருந்துக் கடை இல்லை. மானம் போகவில்லை. கிர்னோ விஷயத்தைப் பற்றி இந்த ஜென்மத்தில் வாய்திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, ஒரு தட்டு நிறையச் சோறும் கோழியும் போட்டுக்கொண்டான்.

பாதிக் கோழியில் வாசல் பக்கம் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குளித்து முழுகித் தலைசீவிய பாக் கிர்னோ வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இபு ஜுமியா. அவர்களுக்குப் பின்னாலேயே தூறலும் வந்தது.

ரத்மோகோ ஓடிப்போய் இபு ஜுமியாவை முற்றத்து ஓரத்துக்கு ஒதுக்கினான்.

“அம்மா, உங்க கால்ல வேணாலும் விழறேன். மழையை நிறுத்தச் சொல்லி நான் வந்தது என் சம்சாரத்துக்குத் தெரியவே கூடாது.”

இபு ஜுமியா அவனை ஏற இறங்கப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

“என்ன குடும்பம்ப்பா இது! ஒரு சொட்டுகூட விழக்கூடாதுன்னு உங்களுக்கு முன்னாடியே திங்கக்கிழமை வந்து சொன்னதே உங்க சம்சாரம்தான், போகும்போது அவங்களும் இதேதான் சொன்னாங்க, ‘என் வீட்டுக்காரர் நிஜமாவே மழைக்குத் தவிக்கணும், அவருக்குத் தெரியவே கூடாது’ன்னு!”