நாட்டுப்பற்று ஏற்பாடு

மார்லீன் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் 'சீனத் தயாரிப்பு' என்று இருந்தது.

கடல் தாண்டிப் போன நாற்காலித் தொழிற்சாலை மறுபடி அமெரிக்காவின் ஓஹையோவுக்கே திரும்பப் போகிறது. அதை வாங்கியிருக்கும் புது முதலாளி இன்று வந்து பார்த்துத் தலையாட்டினால் ஊரில் பாதி வீட்டில் அடுப்பு எரியும். வரவேற்பு மார்லீன் பொறுப்பு.

"நாட்டு மேல பாசம் வெச்சு வர்றவரை இதுலயா உட்கார வைக்கிறது? எல்லாத்தையும் தூக்கு டுவைட்!"

"நாற்காலி ஃபேக்டரியில நாற்காலியே இல்லைன்னா சிரிப்பாங்களே?" என்றார் பழைய தச்சர் டுவைட்.

"எங்கண்ணன் பண்ணையில வைக்கோல் கட்டு இருக்கு. கொண்டா."

வைக்கோல் வந்தது. கூடவே தும்மலும் வந்தது. தூசி போக மின்விசிறியைப் போட்டார்கள். அது மலேசியா. கழற்றினார்கள். விளக்கு, மைக் எதுவும் தேறவில்லை. காபி கொலம்பியா என்று யாரோ போட்டுக்கொடுக்க, அதுவும் போய்க் குழாய்த் தண்ணீர் வந்தது.

"கொடியாவது நம்மளதுதானே?" என்று டுவைட் ஓரத்தைப் புரட்டினார். அப்புறம் சத்தமில்லாமல் இறக்கிச் சுருட்டினார்.

"உன் கால்ல என்னய்யா?" என்றாள் மார்லீன்.

"ஷூ. ஏன்?"

"எந்த ஊரு?"

டுவைட் பெருமூச்சு விட்டுக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள்.

வாசலில் கார் நின்றது. முதலாளி இறங்கினார். பெயர் திரு. டிரின், வியட்நாம்காரர், ஆங்கிலம் தெரியாது. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண். மார்லீன் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்: 'நம்மாளு இல்லையா!'

இருட்டுக் கூடம். வைக்கோல் மேல் வெறுங்காலோடு, வேர்த்து, தும்மிக்கொண்டு, தண்ணீர் குடிக்கும் ஜனங்கள். டிரின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கண் கலங்கியது. மார்லீனின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"கோவிச்சுக்கிட்டாரா?" என்றாள் மார்லீன்.

"ஐயோ, ரொம்ப சந்தோஷம்!" என்றாள் அந்தப் பெண். "வியட்நாம்ல கூலி எகிறிப்போச்சு. குறைஞ்ச கூலிக்கு ஆள் கிடைக்கிற ஏழை நாடா தேடி அலைஞ்சாராம். இனிமே தேட வேண்டியதில்லைங்கறார்."