லீவு முழுக்க இங்கதான்

"அந்தப் பையெல்லாம் என்ன தம்பி?" என்று கேட்டார் மாஸ்டர்.

விடுதி அறையில் கட்டிலோரமாக மூன்று பைகள், ஜிப் போட முடியாமல் பிதுங்கிக்கொண்டு நின்றன. பக்கத்தில் மூன்று மாணவர்கள் நின்றார்கள். ஒருவன் குச்சி, ஒருவன் கண்ணாடி, மூன்றாமவன் எதற்கும் வாய் திறக்காத உம்மணாமூஞ்சி. பட்டம் வைத்தது மாஸ்டரின் மனைவி. வாசகசாலைக்கு வருகிற பிள்ளைகளில் ஒருவர்கூட அவளிடம் தப்பியதில்லை.

"துவைக்கப் போடுற துணி அங்கிள்," என்றான் குச்சி.

மாஸ்டர் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர். முப்பத்தைந்து வருஷம் கொடி காட்டி, ஊரிலுள்ள அத்தனை பேரையும் லீவுக்கு வீட்டுக்கு அனுப்பிவைத்தவர். தான் மட்டும் ஒரு லீவுக்கும் வீட்டில் இருந்ததில்லை. ஓய்வுபெற்ற கையோடு, சபை அவரையும் மனைவியையும் இரண்டு வருஷ ஊழியத்துக்கு இந்தக் கல்லூரிப் பக்கம் அனுப்பிவிட்டது. மாணவர்களுக்கு ஒரு வாசகசாலை, வாரம் ஒரு ஜெபக்கூட்டம், பசியோடு வருகிறவனுக்குச் சாப்பாடு, அவ்வளவுதான் வேலை. லீவு விட்டதும் அதுவும் போயிற்று. வாசகசாலையில் நாற்காலிகள் மட்டும் உட்கார்ந்திருந்தன.

நல்லவேளை, சபையில் பத்து நாள் விடுப்புக் கொடுத்திருந்தார்கள். மகள் ஊருக்குப் புதன்கிழமை ரயில். வெள்ளிக்கிழமை பேத்திக்கு ஐந்தாவது பிறந்தநாள். மாஸ்டரின் மனைவி துணியில் ஒரு யானை தைத்து, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே படுக்கவைத்திருந்தாள்.

கிளம்புவதற்கு முன் மிச்சமிருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேளை சோறு போடலாம் என்றுதான் மாஸ்டர் அந்தத் திங்கட்கிழமை விடுதிக்கு வந்தார். சும்மா கூப்பிட்டால் கூச்சப்படுவார்களே என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டார். ஊழியக்காரர் பொய் சொல்லலாமா? கூடாதுதான். சொல்லித் தொலைத்துவிட்டார், என்ன செய்ய?

"நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வாங்க தம்பி. எங்களுக்கு மட்டும் யார் இருக்கா? பொண்ணு ஒருத்தி. ஒரு போன்கூடப் பண்றதில்ல. ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டுச் சாப்பிட்டா, சோறு தொண்டையில இறங்க மாட்டேங்குது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடி தன் பையைக் காலால் மெதுவாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

"வரோம் அங்கிள். நாங்களும் எங்கயும் போகல. லீவு முழுக்க இங்கதான்," என்றான் குச்சி.

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "லீவு முழுக்கவா? வீட்டுல தேட மாட்டாங்களா?"

"எங்களை யாரு அங்கிள் தேடப்போறா?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேட ஆளில்லாத பிள்ளைங்களை விட்டுட்டு, நாம மட்டும் போய்க் கேக் வெட்டறதா? டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுங்க," என்றாள் அவள். அடுப்படிக்குப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு வேகம் வந்துவிட்டது. "அந்தத் துவைக்கிற துணியையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நான் எதுக்கு இருக்கேன்?"

செவ்வாய்க்கிழமை மூவரும் பைகளைத் தூக்கிக்கொண்டு, பரீட்சைக்கு வருகிற முகத்தோடு வந்தார்கள். அவள் பிரித்தாள். எல்லாம் இஸ்திரி போட்ட துணி.

"இஸ்திரி போட்டதையே அழுக்குன்னு சொல்ற பிள்ளைங்களை இப்பத்தான் பாக்கறேன்!"

கண்ணாடியின் பையில், அடியில், விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத பூப்போட்ட புடவை ஒன்று இருந்தது.

"இது யாருக்குக் கண்ணு?"

கண்ணாடிக்கு வியர்த்துவிட்டது. "அது... ஜன்னலுக்குத் திரை போடலாம்னு ஆன்ட்டி."

அவள் புடவையை எடுத்து விரித்துப் பார்த்தாள். புடவைக்கும் திரைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு ஒரு பிள்ளை வளர்ந்திருக்கிறான் என்றால், அவன் வீட்டில் பெண் என்று ஒருத்தி இருந்திருப்பாளா? தையல் மெஷினை இழுத்துப் போட்டாள். "ஐயோ, வேண்டாம் ஆன்ட்டி!" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் கத்தரிக்கோல் பாதிப் புடவையைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் இரண்டு திரைகள் தயார். கையில் வாங்கியபோது அவன் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா, ஒரு திரைக்கே பிள்ளைக்கு எவ்வளவு சந்தோஷம்!" என்றாள் மாஸ்டரிடம்.

புதன்கிழமை, அவர்கள் போகாத ரயில் கிளம்பிய நேரத்தில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாஸ்டரின் போன் அடித்தது. பேத்தி. ஒரு போன்கூட வராத மனுஷர் அல்லவா அவர்?

"ராங் நம்பர்," என்று வைத்தார்.

மறுபடி அடித்தது. மூன்றாவது முறையும் அடித்தது.

"அதே ராங் நம்பரா அங்கிள்?" என்றான் குச்சி.

"விடாக்கண்டனா இருக்கான் தம்பி," என்று போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். அது பேத்தியின் குரலை அமுக்கின மாதிரி இருந்தது. அதற்குள் குச்சியின் போன் அடித்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆச்சு, சாப்பிட்டாச்சு," என்று வைத்தான். "சிம் கார்டு கம்பெனி அங்கிள்."

கை கழுவும் இடத்தில் மூவரும் குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பி வந்து, "இனிமே காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் உங்களோடயே இருக்கோம் அங்கிள்," என்றான் குச்சி. தப்பான நம்பரைத் தவிர வேறு போன் வராத பெரியவரை அவன் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். மாஸ்டரோ, பாவம், எவ்வளவு ஏங்கிப்போயிருந்தால் இப்படி ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகள் என்று உருகிப்போனார்.

சொன்னபடி விடியும்போதே வந்தார்கள். கேரம் ஆடினார்கள், தேங்காய் துருவினார்கள், பெருக்கின தரையை மறுபடி பெருக்கினார்கள். பேத்தியோடு பேச ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கேக் வெட்டினார்கள், அங்கே. இங்கே மாஸ்டரின் மனைவி போனையும் துணி யானையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வீடியோ காலில் பேத்தியைக் கூப்பிட்டாள். தண்ணீர் சத்தத்துக்கு நடுவே, "பாட்டி, யானையத் தண்ணில போடாதீங்க! நீங்க ஏன் வரல?" என்று ஒரு குரல் கீச்சென்று கேட்டது.

மாஸ்டர் கேரம் காயைப் படாரென்று அடித்து அந்தக் குரலை மூடினார். காய் எகிறி அலமாரிக்கு அடியில் போயிற்று.

நான்கு நாளில் முதல் தடவையாக உம்மணாமூஞ்சி வாய் திறந்தான். "ஆன்ட்டி அழறாங்களா அங்கிள்?"

"வெங்காயம் தம்பி."

"பாத்ரூம்லயா?"

மாஸ்டர் கீழே குனிந்து காயைத் தேட ஆரம்பித்தார். தேவைக்கு அதிகமாகவே தேடினார்.

அன்றைக்கு மூவரும் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். போகிற அவசரத்தில் கண்ணாடி தன் கண்ணாடியையே கேரம் பலகைமேல் மறந்துவிட்டான். அதை எடுத்துக்கொண்டு மாஸ்டர் விடுதிக்கு நடந்தார். இன்னும் இருட்டவில்லை. மாடி ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடக்க, ஒன்றில் மட்டும் பூப்போட்ட திரை ஆடிக்கொண்டிருந்தது. போகட்டும், பேத்தியை அழவிட்டாலும் மூன்று பிள்ளைகள் அனாதையாக நிற்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டாம் தடவை சொல்லிப் பார்த்தும் மனசு ஆறவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நின்றார். கையில் போன்.

"ஐயா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"நீங்க தனியா இருக்கீங்களேன்னு பசங்க மூணு பேரும் ரெண்டு தடவை டிக்கெட்டை மாத்திட்டாங்க, இப்ப கண்ணாடி போட்ட தம்பியோட அம்மா எனக்கே போன் பண்ணி, 'லீவு முழுக்க என் பிள்ளையப் பிடிச்சு வச்சிருக்காங்களே, அந்தப் பெரியவங்களுக்குப் பேரன் பேத்தின்னு போய்ப் பாக்க ஒருத்தர்கூட இல்லையா'ன்னு அழறாங்கய்யா... நான் என்ன சொல்லட்டும்?"