சட்டை போட்ட கம்ப்யூட்டர்

ராமேஸ்வரம் தீவில் கம்ப்யூட்டருக்குச் சட்டை தைத்துப் போட்ட ஒரே மனிதர் எங்கள் சட்டை அண்ணன்தான். உறை இல்லை பிள்ளைகளே, சட்டை. காலர் உண்டு, பித்தான் உண்டு. உப்புக்காற்று பட்டால் கம்ப்யூட்டர் பொட்டிக்குச் சளி பிடிக்குமாம். வெள்ளிக்கிழமைதோறும் துவைத்த சட்டை மாற்றுவார். அவர் போட்டிருப்பதைவிட அது வெளுப்பாக இருக்கும்.

தனுஷ்கோடி ரோட்டில் ஒரு பிளெக்ஸ் டிசைன் கடையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். கல்யாணம், காதுகுத்து என்று யார் சிரித்தாலும் அந்தச் சிரிப்பை வீட்டுச் சுவர் அளவுக்குப் பெரிதாக்குவது எங்கள் தொழில். டிசைனை முடித்து, பிரிண்ட் போட ராமநாதபுரத்துக்கு நெட்டில் அனுப்புவோம்.

அண்ணனின் சாஃப்ட்வேர் பொட்டிக்குள்ளேயே குடியிருந்தது. நெட் இல்லாவிட்டாலும் ஓடும். பொட்டி செத்தால் எல்லாம் செத்தது. நான் வேலை செய்தது வெப்சைட்டில். எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கலாம், படமெல்லாம் எங்கோ பத்திரமாக இருக்கும். ஆனால் நெட் போனால் கன்னத்தில் கை வைத்து உட்கார வேண்டியதுதான். எது நல்லது என்று கேட்கிறீர்களே, அதற்காக எங்கள் கடையில் தினமும் பட்டிமன்றம் நடந்தது.

"ஏலே, நீ செஞ்ச மாப்பிள்ளை படம் இப்ப எங்கன இருக்கு?"

"சர்வர்லண்ணே."

"அது எந்த ஊரு?"

"தெரியாதுண்ணே."

"இருக்கிற ஊரே தெரியாத மாப்பிள்ளைக்கு எவன்லே பொண்ணு குடுப்பான்?"

துபாயிலிருந்து திரும்பி வந்த முதலாளிக்கு என் கட்சிதான் பிடித்தது. "உச்சிப்புளி கல்யாண பேனரை வெப்லயே செய்யி. சரியா வந்துச்சுன்னா, இன்ஷா அல்லாஹ், அந்தப் பொட்டியை எடைக்குப் போட்டுரலாம்" என்றார். அண்ணனுக்குப் பொட்டியை விட்டால் வேறு வேலை தெரியாது. அவர் மகள் அப்போதுதான் மதுரையில் காலேஜில் சேர்ந்திருந்தாள். அன்று அவர் டீ குடிக்க வரவில்லை.

பேனர் அனுப்ப வேண்டிய நாளில் சாரலும் பேய்க்காற்றும். கேபிள் அறுந்து கடையில் நெட் போய்விட்டது. என் போனிலிருந்து நெட் எடுத்தேன். கிழக்கு ஜன்னலில் வைத்தால் சிக்னல் நிறைந்து நிற்கிறதே என்று அங்கே வைத்தேன். டிங் என்று ஒரு மெசேஜ்: 'இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்.' கடல் தாண்டி அக்கரை டவரைப் பிடித்துவிட்டது என் போன். வரவேற்ற கையோடு நெட்டும் நின்றது.

அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பாஸ்போர்ட் இல்லாம மாப்பிள்ளைய அக்கரைக்கு அனுப்பிட்டியேலே! தள்ளு. நீ கவுந்துருவன்னு தெரிஞ்சு நானும் ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன். பென் டிரைவ்ல போட்டு பஸ்ஸுல கொண்டு போறேன்."

பொட்டியின் பொத்தானை அழுத்தினார். மூச்சு இல்லை. மறுபடி அழுத்தினார். லேசாகப் புகைந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. சாரலில் சட்டை காயவில்லை. உப்புக்காற்றில் பொட்டி வெறும் உடம்போடு நிற்க வேண்டாமே என்று ஈரச் சட்டையையே போட்டுவிட்டிருக்கிறார்! அத்தனை வருஷம் உப்புக்காற்றுக்குத் தப்பிய பொட்டி அண்ணனின் பாசத்துக்குத் தப்பவில்லை.

பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் தோற்றால் அவர் வேலை தங்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திடீரென்று என் போனைப் பிடுங்கினார். வெளியே ஓடி, பெஞ்சில் ஏறி, மேற்குப் பக்கத்து சன்ஷேடில் தொற்றி நின்று, போனை மண்டபம் பக்கமாகத் தூக்கிப் பிடித்தார். காற்றில் வேட்டி பாய் மாதிரி புடைத்தது.

"நம்ம டவர் வந்துருச்சுலே! மாப்பிள்ளை வந்தாரா?"

"பாதி வந்துட்டாருண்ணே!"

"எந்தப் பாதி?"

"தலைண்ணே!"

"இழு, இழு! தாலி கட்டக் கை வேணும்லே!"

சாரலில் நனைந்து, கை மாற்றி மாற்றிப் பிடித்து, மாப்பிள்ளையை முழுசாகக் கரை சேர்த்தார். பேனர் ராமநாதபுரம் போய்ச் சேர்ந்தபோது முதலாளி பைக்கில் வந்து நின்றார். மேலே பார்த்தார். உள்ளே வந்து செத்த பொட்டியைப் பார்த்தார்.

"இனிமே வெப்புதான்" என்றார். இறங்கி வந்த அண்ணன் தலை குனிந்தார். "நாளைக்கு வந்து இவன்கிட்ட கத்துக்கங்கண்ணே. டவர் புடிக்கவாச்சும் ஆளு வேணும்ல" என்றபடியே முதலாளி போய்விட்டார்.

மறுநாள் அண்ணன் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "புதுசா ஒரு பாஸ்வேர்ட் வைங்கண்ணே. மறக்காததா இருக்கணும், யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றேன். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். திரையில் வெறும் புள்ளிகள்.

"உன்கிட்டயும் சொல்லக் கூடாதாலே?"

"எங்கிட்டயும் சொல்லக் கூடாதுண்ணே."

"உம்பேரைத்தாம்லே வச்சிருக்கேன்."

பாதுகாப்புக்கு அதை மாற்றச் சொல்ல வேண்டும் பிள்ளைகளே. இன்றுவரை எனக்கு மனசு வரவில்லை.