ஒன்பதாம் விதியும் அரைக்கிலோ பழப்புளியும்

விதி தெரியாதவன் செய்கிற பிழையை ஒரு மணித்தியாலத்தில் திருத்திவிடலாம். எல்லா விதியும் தெரிந்தவன் செய்கிற பிழைக்கு நிபுணரைக் கூப்பிட வேண்டும். இதைத் தத்துவமாகச் சொல்லவில்லை, வாக்குமூலமாகச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு அறுபத்தேழு வயது. (இளரத்தம்.) யாழ்ப்பாணத்தில் ஓர் அரச அலுவலகம், பிறகு மொன்றியலில் ஒரு காப்புறுதி அலுவலகம் என்று நாற்பது வருடம் படிவங்களோடு வாழ்ந்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தேன். குசினியில் இருந்த சரக்குப் போத்தல்களுக்கு நான் இலக்கமிட்டு அட்டவணை போட்ட அன்று மனைவி சொன்னார்: "இஞ்சருங்கோ, வெளியிலை எங்கையாவது போய் ஆருக்காவது உதவி செய்யுங்கோவன்."

செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி ஒரு பழைய கற்தேவாலயம் இருக்கிறது. பூசைக்கு ஆட்கள் குறைந்ததால் சனிக்கிழமைகளில் பார்வையாளருக்குத் திறந்துவிட்டார்கள். வழிகாட்டிகள் தேவை என்று கதவில் அறிவித்தல். நான் சைவன். ஆனால் அந்த அறிவித்தலில் 'பதினான்கு பக்கக் கைநூல் தரப்படும்' என்று இருந்தது. அதற்குப் பிறகு என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை.

தொண்டர்களுக்குப் பொறுப்பு ஸ்ரெல்லா. மட்டக்களப்புக்காரி, அந்தத் தேவாலயத்தில் திருமணம் செய்து பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமும் கொடுத்தவர். அது மூடப்பட்டுவிடுமோ என்பதுதான் அவருடைய ஒரே பயம். பயத்தில் நியாயம் இருந்தது. அங்கே பார்ப்பதற்கென்று இருந்தது ஒன்றுதான்: பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஆளுயரத்தில் நின்ற, ஏழு கை கொண்ட பித்தளை மெழுகுதிரித் தண்டு. அடியிலிருந்து நுனிவரை ஒரே கரி.

ஒருநாள் ஸ்ரெல்லா சொன்னார்: "அண்ணன், வாற சனிக்கிழம பழம்பொருள் நிபுணர் ஒரு மதாம் வாறாங்க. இத நாம ஒழுங்காப் பாத்துக்கிறமா எண்டு பாப்பாங்க. இல்லாட்டி ஆத்துக்கு அங்கால லொங்குய்ய்ல இரிக்கிற களஞ்சியத்துக்குக் கொண்டு பெய்த்திருவாங்க. மறுகா இஞ்ச ஆரு வரப்போறாங்க?"

"நான் என்ன செய்ய வேணும்?"

"ஒண்டும் வேணாம் அண்ணன். அப்பிடியே இரிக்கட்டும்."

ஒன்றும் வேண்டாம் என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? 'தேத்தண்ணி ஒண்டும் வேண்டாம்' என்று சொன்ன விருந்தாளியை நாங்கள் யாராவது தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பியிருக்கிறோமா? அத்தோடு மேலதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே வாசற் கல்லுக்கும் சுண்ணாம்பு அடிக்கிற பரம்பரை நான்.

இருந்தாலும் விதியில்லாமல் எதையும் செய்யமாட்டேன். கைநூலைப் பார்த்தேன். நாலாம் விதி: பொருட்களை வெறுங்கையால் தொடக் கூடாது. சரி, கையுறை. ஒன்பதாம் விதி: பார்வையாளர் வருமுன் பொருட்களில் தூசி இல்லாததை வழிகாட்டி உறுதிசெய்ய வேண்டும். கரி என்பது என்ன? நாட்பட்ட தூசி. (இந்த வியாக்கியானத்துக்காக அன்று என்னை நானே மெச்சினேன்.)

வெள்ளிக்கிழமை காலை பதிவேட்டில் ஒப்பமிட்டுச் சாவியை எடுத்தேன். அரைக்கிலோ பழப்புளி, சுடுதண்ணீர், தும்பு. எங்கள் வீட்டுக் குத்துவிளக்குகளை எத்தனை தைப்பொங்கலுக்கு மினுக்கியவன்! நாலு மணித்தியாலத்தில் நாலரைக் கை தங்கம்போல மின்னியது. அதோடு புளி முடிந்துவிட்டது.

சனிக்கிழமை மதாம் வந்தார். கூடவே, தண்டுக்குப் பக்கத்தில் வைப்பதற்கு ஒரு புதிய விளக்கப் பலகையும் கொண்டுவந்தார். ஸ்ரெல்லா அதன் உறையைப் பிரித்துப் பிரெஞ்சில் வாசித்தார். பாதியில் குரல் இறங்கியது. அதன் சாரம் இதுதான்: 'இந்த ஏழு கைகளிலும் படிந்துள்ள கரியைக் கவனியுங்கள். இதே இடத்தில் முன்பு இருந்த தேவாலயத்தை அழித்த தீக்கு எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி இது.'

மூவரும் கவனித்தோம். சாட்சி பளபளவென்று மின்னியது.

"அண்ணன்," என்றார் ஸ்ரெல்லா மெதுவாக, "என்ன வேல பாத்து வெச்சிருக்கீங்க?"

"ஒன்பதாம் விதி..." என்று தொடங்கினேன்.

மதாம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, நான் பாதியில் விட்ட ஐந்தாவது கையருகே என்னைக் கூப்பிட்டார். "பாருங்கள்."

பார்த்தேன். கரிக்குள் நாலு விரல் தடங்கள். எரிகிற கட்டடத்துக்குள் போய், யாரோ ஒருவர் அந்தத் தண்டை இறுகப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறார். யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆணா பெண்ணா? கையில் ஈரத்துணி சுற்றியிருந்தாரா? ஏன் இதை மட்டும் காப்பாற்றினார்? அழுக்கைப் பாதுகாக்கவும் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறார்களே என்று பலகையை வாசித்தபோது மனதுக்குள் நக்கலடித்தவன், அந்த நாலு விரலைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் நின்றேன். இன்னும் ஒரு பிடி புளி இருந்திருந்தால் அவையும் போயிருக்கும்.

"எதைக்கொண்டு தேய்த்தீர்கள்? எவ்வளவு நேரம்?" என்று மதாம் கேட்டார்.

பையிலிருந்து வெள்ளிக்கிழமை வேலைக் குறிப்பின் மூன்று பிரதிகளை எடுத்து நீட்டினேன். புளியின் நிறை, தண்ணீரின் சூடு, ஒவ்வொரு கைக்கும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஒப்பம். (செய்த குற்றத்தை இவ்வளவு ஒழுங்காகப் பதிந்தவன் வேறு யாரும் இருக்கமாட்டான்.)

மதாம் இரண்டு தரம் வாசித்தார். பிறகு முதல் முறையாகச் சிரித்தார். "பழம்பொருளைக் கெடுத்தவர்கள் எல்லோரும் என்னிடம் 'நான் தொடவேயில்லை' என்றுதான் சொல்வார்கள். எப்படிக் கெடுத்தேன் என்று எழுதித் தந்தவர் நீங்கள் ஒருவர்தான். இது இருந்தால் புளி மேற்கொண்டு அரிக்காமல் நிறுத்தலாம்." பதிவேடு வைக்கத் தெரிந்த இடத்தில் பொருளை விட்டுவைக்கலாம் என்று அறிக்கையில் எழுதினார். தண்டு ஆற்றைக் கடந்து போகவில்லை. ஸ்ரெல்லா முதலில் அழுதார். பிறகு என்னிடமிருந்த சாவியை வாங்கிக்கொண்டார்.

ஆனால் நிபந்தனை ஒன்று இருந்தது. பலகையைத் திருத்த வேண்டும். இப்போது அதில் இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன: ஒரு பக்கம் தீ, மறுபக்கம் ஒரு தொண்டர். சனிக்கிழமைகளில் அதை விளக்குவது என் பொறுப்பு. தீயைப்பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பிள்ளைகள் மின்னுகிற பக்கத்தைக் காட்டி, "அந்த ஆள் இப்ப எங்கே?" என்று கேட்கிறார்கள். விதிப்படி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். விருந்தாளிகள் இருக்கும்போது நான் கோப்பை கழுவ எழும்பினால் போதும், மனைவி அவர்களுக்குக் கேட்கும்படி சொல்வார்:

"இஞ்சருங்கோ, அதிலை ஏதும் சரித்திரம் ஒட்டிக்கிடக்கோ எண்டு பாத்துக் கழுவுங்கோ."