ராசாங்கத்துக்கு ஒரு நாற்காலி

பெரம்பலூர்

பேரன்புள்ள மச்சான் அழகேசன் அவர்களுக்கு, வக்கீல் மணிவண்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் இடுப்பைத் தவிர யாவரும் நலம். வேப்பந்தட்டையில் அக்காவும் நாற்காலிக் கடையும் நலந்தானே?

என்னிடம் ஜூனியராக அனுப்பிய உங்கள் மகள் சத்யப்பிரியாவைத் தயவுசெய்து திரும்ப அழைத்துக்கொள்ளவும். அரியலூர் ஜவுளிக்கடைப் பெண்களுக்கு வேலை நேரத்தில் உட்கார கேஸ் போட்டு ஸ்டூல் வாங்கிக் கொடுத்தேனே, அந்த விசாரணையில் முதலாளி, "நிக்கிறது ஒரு மரியாதைங்க" என்றார்; "முழங்காலை வைத்தா மரியாதையை அளப்பது?" என்று நான் ஒரு போடு போட்டேன். ஜெயித்த பூரிப்போடு ஆபீசுக்கு வந்தால், குமாஸ்தா ராசாங்கம் ராஜினாமாக் கடிதத்தை நீட்டுகிறார். மூட்டு வலியாம், ஒன்றாம் தேதியிலிருந்து வரமாட்டாராம். எந்தக் கேஸ் கட்டு எந்தப் பீரோவில் என்று அவருக்கு மட்டுமே தெரியும். அவர் இல்லாவிட்டால் நான் வாதி பக்கமா பிரதிவாதி பக்கமா என்பதே எனக்குத் தெரியாது. "என்னய்யா திடீர்னு?" என்றேன். அவருக்கு முந்தி உங்கள் மகள் வாய் திறந்தாள். "மாமா, அண்ணன் இங்க பத்தொம்பது வருஷமா நின்னுக்கிட்டே இருக்காரு. அவருக்கு சேர் எங்க?" "அது அவரு எனக்குக் குடுக்கிற மரியாதைம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஜவுளிக்கடைக்காரர் குரல் காதில் விழுந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

சரியென்று உங்கள் கடையிலேயே நாற்காலி வாங்கினேன். "ஆனை ஒக்காந்தாலும் அசையாது மாப்ள" என்றீர்கள். ராசாங்கமோ, "மொதல்ல நீங்க ஒக்காருங்க சார்" என்று அடம்பிடித்தார். உட்கார்ந்தேன். நாற்காலிக் கால் முறிந்து, கட்சிக்காரர்கள் முன்னால் மல்லாந்து கிடந்தேன். ராசாங்கம் சிரிக்கவில்லை, பெரிய மனசு. உங்கள் மகள் சிரித்ததோடு போட்டோவும் எடுத்தாள், நுகர்வோர் கோர்ட்டுக்கு ஆதாரமாம். "எதிர்த்தரப்பு உன்னைப் பெத்த அப்பாம்மா" என்றேன். "பில்லுல அப்பான்னு போடலையே மாமா" என்கிறாள். இவளை வைத்துக்கொண்டு நான் எப்படித் தொழில் நடத்துவது? அடுத்த பஸ்ஸிலேயே வந்து கூட்டிப் போங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். கல்லங்குறிச்சிப் பெருமாள் உங்கள் குடும்பத்துக்கு ஆயுளையும் உங்கள் சரக்குக்கு உறுதியையும் அருள்வாராக.

அன்புள்ள,
மணிவண்ணன்

பி.கு.: வழக்கம்போலப் பிழை பார்க்க இதை ராசாங்கத்திடம் கொடுத்தேன். படித்து முடித்தவர், என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாப்பா இருந்தா நானும் இருக்கேன் சார். அது போனா நானும் போறேன்" என்றார். அவர் உட்கார்ந்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை, கண் கலங்கிவிட்டது. ஆகவே சத்யப்பிரியாவை அழைக்க வேண்டாம். அவள் எழுதிய வக்கீல் நோட்டீஸ் உங்களுக்கு இதே உறையில் இருக்கிறது, கையெழுத்து என்னுடையது. வேறு நாற்காலியைச் சீக்கிரம் அனுப்புங்கள் மச்சான். அதுவரை ஆபீசில் நிற்பது நான்தான்.