முயலிடமிருந்து காக்கப்பட்ட முயல் பாதை

மனித நாகரிகம் தன் உச்சத்தைத் தொட்டது எங்கள் மின்வாரிய அலுவலகத்தின் இரண்டாம் மாடியில்தான். இப்படிச் சொல்லத்தான் விளம்பர அதிகாரியான எனக்குச் சம்பளம், ஆனாலும் உண்மை.

திட்டத்தை விளக்குகிறேன். உயர் அழுத்தக் கம்பிகளுக்குக் கீழே மரம் வளரக் கூடாது. உரசினால் ஊரே இருளும். வெட்டி வெட்டி, சின்னக் காட்டுக்கும் பெரிய காட்டுக்கும் நடுவே மொட்டைத் தரைதான் மிஞ்சியது. பருந்துக்குப் பயந்து எந்த முயலும் அதில் கால் வைக்காது. அங்கே குட்டையான புதர்களை நெருக்கி நட்டால்? கம்பியைத் தொடாது, முயலை மறைக்கும். இலை மறைவிலேயே அது மறு காட்டுக்குப் போய்விடும். இதற்கு ‘உயிர்வேலிப் பாதை’ என்று பெயர் சூட்டினோம்.

யோசனை தலைமைப் பொறியாளரின் கொழுந்தியாளுடையது. அவர் விலங்கியல் ஆய்வாளர்.

“அத்தான், சின்னக் காட்டுல மிச்சமிருக்கிற முயலெல்லாம் ஒரே குடும்பம். வெளியில சம்பந்தம் கிடைக்கலேன்னா வம்சமே அத்துப்போயிடும்.”

“கவலைப்படாதே. அரசாங்கச் செலவுலயே கல்யாணத்த நடத்திடலாம்.”

நட்டோம். உடனே பேரிடர் நேர்ந்தது: முயல்கள் காட்டோரக் கன்றுகளைக் கொறித்தன! அவசரக் கூட்டம் கூடி, ‘திட்ட விரோத விலங்குகளை’ வன்மையாகக் கண்டித்தது. வேலியைச் சுற்றி, இரு முனை வாசல்களையும் அடைத்து, கம்பிவலை எழுந்தது.

ஆய்வாளர் ஓடி வந்தார். “அத்தான், முயலுக்காகத்தானே இந்த வேலி?”

“அதுங்க தின்னுடுதேம்மா!”

“கொஞ்சம் தின்னத்தான் செய்யும். அதுக்கும் சேர்த்து நடுங்க. வாசலையாவது திறந்து விடுங்க.”

“வேலி முதல்ல வளரட்டும். அப்புறம் தாராளமா வரட்டும்.”

“அதுவரைக்கும் அதுங்க இருக்கணுமே!”

“எதுக்கெடுத்தாலும் அபசகுனமாவே பேசு. உங்க அக்காவும் இப்படித்தான்.”

வேலி செழித்தது. ஓர் இலையில்கூடப் பல் தடம் இல்லை. சுற்றுச்சூழல் விருதுக் குழு அதைத் தடவிப் பார்த்து மெய்சிலிர்த்தது. அதே வாரம் ஆய்வாளர் சின்னக் காடு முழுக்கத் தேடினார். முயல் இல்லை, புதிய புழுக்கைகூட இல்லை.

செய்தி எட்டியதும் பொறியாளர் சற்றும் தாமதிக்கவில்லை. சின்னக் காட்டுப் பக்கம் ‘கொறிப்பு அபாயம்’ நீங்கிவிட்டதால், அந்த வாசலைத் திறக்க ஆணையிட்டார். மேடை, மாலை, ரிப்பன். கத்தரியை ஆய்வாளரிடம் நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை.

“இப்ப யாருக்காகத் திறக்கிறீங்க, அத்தான்?”

‘ஆய்வாளர் மகிழ்ச்சியில் பேச்சிழந்தார்’ என்று செய்திக் குறிப்பில் எழுதினேன்.

எங்கள் சாதனை எளிதானதல்ல: முயலைக் காக்க வேலி நட்டோம், வேலியை முயலிடமிருந்து காத்தோம், முயல் ஒழிந்த பிறகு, கைதட்டலுக்கு நடுவே, முயலுக்காகத் திறந்து விட்டோம்.