நீ அனுப்பிய கறுப்பு ஜாக்கெட் பற்றி

மொஸ்தகானெம், அல்ஜீரியா,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி கத்தூருக்கு அண்ணன் லக்தர் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. அல்லாஹ்வின் அருளால் இங்கே நாங்கள் நலம். உன் முதுகுவலியும் உன் மனைவியின் ரத்தக் கொதிப்பும் அடங்க துஆ செய்கிறோம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். இந்த வருஷம் மழை பரவாயில்லை, மத்தி மீனும் நன்றாகக் கிடைக்கிறது. விசாரிப்புகள் முடிந்தன. இனி விஷயத்துக்கு வருகிறேன். கத்தூர், உண்மையைச் சொல்லு. என் மகன் ஃபெத்ஹிக்கு நீ எதற்கடா லைஃப் ஜாக்கெட் அனுப்பினாய்?

மறுக்காதே. முப்பத்தோரு வருஷம் ஓரான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவனிடம் யாரும் மறுத்துத் தப்பியதில்லை. கழிவறைக்குள் ஒளிந்தவனை அவன் விடும் மூச்சை வைத்தே பிடித்தவன் நான். என் வாழ்க்கையில் என்னை ஏமாற்றியவன் ஒரே ஒருத்தன்தான், அது நீ. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் "ரொட்டி வாங்கிட்டு வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு போனாய். ரொட்டியும் வரவில்லை, நீயும் வரவில்லை. பதினோரு நாள் கழித்து, கள்ளப் படகில் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக அலிகாந்தேயிலிருந்து போன் வந்தது. அந்தப் பதினோரு நாளும் கரை ஒதுங்கிய ஒவ்வொரு பிணத்தையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் நான்தான். இன்னொரு தடவை அப்படிப் போய்ப் பார்க்க என்னால் ஆகாது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். ரமலான் முடிந்த வாரம் கால்பந்து கிளப்பில் பதினேழு வயதுப் பையன்களைப் பெரியவர்கள் அணியோடு மோதவிட்டார்கள். பந்து ஃபெத்ஹி காலில் இருக்கும்வரை அவன் ராஜாதான். ஆனால் பெரியவர்கள் அணியில் தாடி வைத்த ஒருத்தன் இருக்கிறான், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அவன் தோளால் சும்மா ஒரு இடி இடித்தான். என் மகன் பறந்துபோய்க் கொடிக்கம்புக்குப் பக்கத்தில் விழுந்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் பூஜெமா என்னிடம் வந்து, "பெரியவரே, கால்ல வித்தை இருக்கு, உடம்புல தெம்பு இல்ல. பெரியவங்களோட ஆடணும்னா நாலு மாசம் என்கிட்ட விடுங்க" என்றார். சரி, இரும்பு தூக்குவான், கண்ணாடியில் புஜத்தைப் பார்த்துக்கொள்வான், போகட்டும் என்று விட்டேன். எங்கே தூக்கினான்? முதல் மாதம் முழுக்கத் தோளில் துடைப்பக்கட்டை! அதை வைத்துக்கொண்டு உட்காருவது, எழுந்திருப்பது, ஒற்றைக்காலில் நிற்பது, பெட்டி மேலேறிச் சத்தம் வராமல் குதித்து இறங்குவது. "இரும்பு எப்போ?" என்று கேட்டேன். "எலும்பு இன்னும் வளருது பெரியவரே. முதல்ல முதுகு நேரா நிக்கட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பாரம் ஏத்தலாம். அவசரப்பட்டா பையன் பாழாயிடுவான்" என்றார். இந்த ஊரில் அவசரப்படாத பயிற்சியாளரை நீ பார்த்திருக்கிறாயா? எனக்கு அங்கேயே பொறி தட்டியது. அதுவும் சத்தம் வராமல் குதித்து இறங்குவது எதற்கு? ஆட்டத்தில் சத்தம் போட்டுக் குதித்தால் நடுவர் விசில் ஊதுவாரா? அந்நிய நாட்டுக் கரையில் இறங்குகிறவனுக்குத்தானே அது வேண்டும்?

வீட்டிலும் ஒன்றும் சரியில்லை. காலையில் ஆறு முட்டை. ஒன்பது மணிக்குப் படுக்கை. உம்மாவிடம் எதிர்த்துப் பேசுவது நின்றுவிட்டது. போதாக்குறைக்கு, வெளியே கிளம்பும்போது தினமும் என் தலையில் ஒரு முத்தம். பதினேழு வயதுப் பையன் காரணமில்லாமல் தகப்பன் தலையில் முத்தம் கொடுப்பானா? உன் அண்ணி ஹூரியாவிடம் சொன்னேன். "உங்களுக்கு மரியாதை கொடுத்தாலும் சந்தேகம், கொடுக்காட்டியும் சந்தேகம். பேசாம சூப்பைக் குடிங்க" என்றாள். அவளும் இதில் உடந்தை என்று குறித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் காலையில் பின்னாலேயே போனேன். கடற்கரைக்குப் போகிறான்! அங்கே ஆறு பையன்கள், பூஜெமா, ஒரு படகு. ஆமாம், படகு. மீன்காரன் குவிதருடையது. அதைக் கயிறு கட்டி மணலில் இழுக்கிறார்கள். குவிதர் சுவரோரம் உட்கார்ந்து புகைபிடித்தபடி, "இன்னும் மேலே, இன்னும் மேலே" என்று உற்சாகப்படுத்துகிறான். நான் போய், "படகு எதுக்கு?" என்று கேட்டேன். "காலுக்குத் தெம்பு வர" என்றார் பூஜெமா, முகத்தில் ஒரு சலனம் இல்லை. அப்புறம் ஒருத்தன் முட்டி போட்டு நிற்கிறான், இன்னொருத்தன் அவன் கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொள்கிறான், இவன் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு மெதுவாக முன்னால் சாய்கிறான். கேட்டால் தொடையின் பின்சதைக்காம், ஓடும்போது பிய்ந்துபோகாமல் இருக்குமாம். படகு விளிம்பிலிருந்து தண்ணீரில் விழுந்தவனைத் தூக்க ஒத்திகை பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? கடைசியில் எல்லாரும் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் போய் நின்றார்கள், சதை வலி போகவாம். குளிருக்குப் பழகுகிறார்கள் கத்தூர்! எல்லாவற்றுக்கும் மேலே, சனிக்கிழமை தோறும் பூஜெமா ஒவ்வொரு பையனையும் நிறுத்து நோட்டில் எடை எழுதுகிறார். பந்தாட்டக்காரனின் எடை யாருக்கு வேண்டும்? எத்தனை பேரை ஏற்றினால் படகு தாங்கும் என்று பார்க்கிறவனுக்கு வேண்டும்.

இந்த நிலைமையில்தான் அவன் கட்டிலுக்கு அடியில் உன் பார்சல் அகப்பட்டது. கறுப்பு ஜாக்கெட், முன்னும் பின்னும் நிறையப் பைகள், இடுப்பில் பட்டை. லைஃப் ஜாக்கெட்தான் என்று அங்கேயே முடிவு கட்டினேன். "சாச்சா உடற்பயிற்சிக்கு அனுப்பினாருங்க" என்றாள் ஹூரியா. தூக்கினேன், கை இற்றுப்போனது. ஐரோப்பாச் சரக்கு, கனமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. போகிறவனைக் கட்டியா போட முடியும்? உன்னையே முடியவில்லை. ஆனால் ஜாக்கெட் போலி என்றால்? பஞ்சை அடைத்துத் தைத்து விற்கிறார்கள், நனைந்ததும் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே போகும் என்கிறார்கள். நீ எதையுமே சரிபார்த்து வாங்கியவன் இல்லை. அதனால் நானே சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை அவன் ஜாக்கெட்டைக் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போனான். நான் அதை மாட்டிக்கொண்டு, பட்டையை இறுக்கிக்கொண்டு, அதே கடற்கரையில் இருக்கும் படகுத்துறையின் மறுகோடிக்குப் போய், பிஸ்மில்லா சொல்லி இறங்கினேன். தண்ணீர் என் தலைக்கு மேல் ஒரு முழம்தான் இருக்கும். கத்தூர், கல்லைப் போட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் மூழ்கும், நான் யோசிக்கவே இல்லை. நேரே தரைக்குப் போனேன். கீழே நண்டு ஓடுவதைப் பார்த்தேன். உன்னைத் திட்டினேன், வாய்க்குள் உப்புத் தண்ணீர் போனது. மேலே குவிதர் கத்தியிருக்கிறான். ஃபெத்ஹி ஓடி வந்து துறை விளிம்பில் முட்டி போட, இரண்டு பையன்கள் அவன் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, அவன் அப்படியே முன்னால் சாய்ந்து என் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தூக்கினான். நானும் ஜாக்கெட்டும் சேர்ந்து தொண்ணூற்றெட்டு கிலோ. ஒரே தூக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரே தூக்கு!

மூச்சு வந்ததும் கத்தினேன். "போலிடா! உன் சாச்சா போலியை அனுப்பியிருக்கான்! இதைப் போட்டுக்கிட்டா கடல் தாண்டப் போறே?" பூஜெமா என் பக்கத்தில் குந்தி, ஜாக்கெட்டின் பைகளிலிருந்து ஒவ்வொன்றாக இரும்புத் துண்டுகளை எடுத்து வைத்தார். மொத்தம் பத்து கிலோ. "பெரியவரே, இது மிதக்குறதுக்கு இல்ல. மாட்டிக்கிட்டு மேடு ஏறுறதுக்கு" என்றார். கடற்கரையே சிரித்தது. குவிதர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான் என்று கேள்வி.

ஃபெத்ஹி மட்டும் சிரிக்கவில்லை. என் தலையைத் துவட்டிவிட்டு, "நான் போறதா இருந்தா உங்ககிட்ட சொல்லாமப் போவேனா வாப்பா?" என்றான். அச்சு அசல் உன் குரல். அதனால் நான் நம்பவில்லை. இரும்பு இருந்தால் என்ன, இரும்பை எடுத்துவிட்டுத் தக்கையை வைக்க எவ்வளவு நேரமாகும்?

ஆகவே கேட்டுக்கொள். அவன் போன் செய்தால் எடுக்காதே. உன் வாசலில் வந்து நின்றால் கதவைத் திறக்காதே. குஸ்குஸ் சாப்பாட்டு வாசனைகூட அவனுக்குக் காட்டாதே. காதைப் பிடித்து அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்பு. உனக்கும் உன் குடும்பத்துக்கும் நீண்ட ஆயுளும் நிம்மதியும் கிடைக்க அல்லாஹ்விடம் வேண்டும், உன்மேல் தீராத கோபத்தில் இருக்கும்,

உன் அண்ணன்
லக்தர்

பின்குறிப்பு: ஒரு மாதமாக இந்தக் கடிதம் தபாலுக்கே போகவில்லை. ஹூரியா ரவை டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். இதற்கிடையில் ஃபெத்ஹி பெரியவர்கள் ஆட்டத்தில் கடைசிக் கால் மணி நேரம் இறங்கினான். எதிரணித் தடியன் ஒருத்தன் தோளால் இடித்தான். என் மகன் நின்றான், தடியன்தான் உட்கார்ந்தான். நான் கத்திய கத்தலில் தொண்டை இன்னும் சரியாகவில்லை. இப்போது கிளப் இரண்டு ஆட்டங்களுக்காக உன் ஊருக்கே வருகிறது, பதினெட்டுப் பேரில் அவன் பெயரும் இருக்கிறது. வயது பதினேழு என்பதால் நாட்டை விட்டுப் போகத் தகப்பன் சம்மதம் வேண்டுமாம். நகராட்சிக்குப் போய் நான்தான் கையெழுத்துப் போட்டேன், இந்தக் கையால். விசாவை நாலு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன், அசல்தான். போவது கடல் வழியாகத்தான், ஆனால் பெரிய கப்பல். ஓரான் துறைமுகத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், கடிதத்தை அவனே உன் கையில் கொடுப்பான். வழியில் பிரித்துப் படிப்பான், எனக்குத் தெரியும். படிக்கட்டும். வரிசையில் நின்றவன் இப்போதுதான் ஓடி வந்து, "போயிட்டு வரேன் வாப்பா" என்றான். நம் வீட்டில் சொல்லிவிட்டுக் கடல் தாண்டுகிற முதல் ஆள் இவன்தான் கத்தூர். கதவைத் திற.